கிரீன் ஆப்பிளில் சுகர் கம்மியா? கொடைக்கானலில் கிடைக்கும் ரகங்களை எப்படிக் கணக்குப் போடுவது?

ஏரிச்சாலைச் சமையல்:

எல்லாருக்கும் வணக்கம். கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதிக்குக் காலைப் பழத்தட்டு திட்டமிட வேண்டியிருக்கிறது. சுகர் இருக்கிறவர்கள் வந்தால் "கிரீன் ஆப்பிள் மட்டும் வைங்க, அதுலதான் சர்க்கரை இல்லை" என்று கேட்கிறார்கள். வெளிநாட்டுக் கிரானி ஸ்மித் வாங்கினால் கையைக் கடிக்கிறது. சீசனில் நம்ம மலைப் பழமே வருகிறது: பார்லின்ஸ் பியூட்டி, ரோம் பியூட்டி, முதல் வரத்தில் கொஞ்சம் ஐரிஷ் பீச். மற்ற மாதங்களில் காஷ்மீர், இமாசலத்து டெலிஷஸ், இறக்குமதி காலா, ஃபூஜி.

ரகத்துக்கு ரகம் சத்து உண்மையிலேயே மாறுகிறதா? சிவப்பு, பச்சை என்று நிறத்தைப் பார்த்து முடிவு செய்யலாமா? தோல் சீவணுமா, வேண்டாமா? இன்னொன்று, வெட்டி வைத்தால் சில பழம் சட்டென்று கறுக்கிறது, சில பழம் கறுப்பதில்லை. "கறுத்தா இரும்புச்சத்து ஜாஸ்தி" என்கிறார்கள். சரிதானா? எண்ணோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

தட்டும் தராசும்:

புளிக்கிறது, அதனால் சர்க்கரை இருக்காது என்று நாக்கு முடிவு கட்டிவிடுகிறது. கிரானி ஸ்மித் புளிப்பது அதில் மாலிக் அமிலம் அதிகம் என்பதால்தான். சர்க்கரையும் கூடவே இருக்கிறது.

அமெரிக்க வேளாண்துறையின் உணவுப் பட்டியலில் ஐந்து வணிக ரகங்களுக்குத் தனித்தனியாக எண் உண்டு. தோலோடு 100 கிராமுக்குச் சர்க்கரை: கிரானி ஸ்மித் 9.6 கிராம், கோல்டன் டெலிஷஸ் 10, காலா 10.4, ரெட் டெலிஷஸ் 10.5, ஃபூஜி 11.7. கலோரி 57இலிருந்து 63க்குள். நார்ச்சத்து கிரானி ஸ்மித்தில் 2.8 கிராம், ஃபூஜியில் 2.1, மற்றவை நடுவில்.

நடுத்தரமான 150 கிராம் பழத்துக்கு இதைப் பெருக்குங்கள். கிரானி ஸ்மித் 14.4 கிராம், ஃபூஜி 17.5 கிராம். இரு முனைக்கும் நடுவில் 3 கிராம்தான், ஒரு டீஸ்பூன் சர்க்கரைகூட இல்லை. அந்த 3 கிராமுக்காக உங்கள் விருந்தாளி பச்சைப் பழம் கேட்கிறார். அதே ஆள் 250 கிராம் கிரானி ஸ்மித்தை முழுசாகச் சாப்பிட்டால் 24 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. 100 கிராம் மலை ஆப்பிள் ஒன்று சாப்பிட்டால், அது ஃபூஜி அளவுக்கு இனித்தாலும், 12 கிராமைத் தாண்டாது. ஆகவே முதலில் தராசு வாங்குங்கள். ரகம் அப்புறம்.

ஒரு வேளைக்கு 15 கிராம் கார்போஹைட்ரேட் என்று பங்கு போடுகிற முறையில், கொட்டைப்பகுதி நீக்கிய 100 முதல் 110 கிராம் ஆப்பிள் ஒரு பங்கு. முழுப் பழத்தை எடைபோட்டால் நடுத்தண்டுக்கும் காம்புக்கும் பத்தில் ஒரு பங்கு கழித்துக்கொள்ளலாம். ஆப்பிளின் கிளைசீமிக் குறியீடு (சாப்பிட்டபின் ரத்தச் சர்க்கரை எவ்வளவு வேகமாக ஏறும் என்று காட்டும் எண்) 40க்குக் கீழேதான் பொதுவாகக் கணக்கில் வருகிறது. 55க்குக் கீழ் எல்லாமே குறைந்த வகை என்பதால் ரகம் மாற்றி அதில் ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஜூஸ் மட்டும் போடாதீர்கள். ஆப்பிள் ஜூஸ் 200 மில்லியில் சர்க்கரை சுமார் 19 கிராம், நார்ச்சத்து அரை கிராம்கூடத் தேறாது. கடித்துத் தின்ன பத்து நிமிஷம் ஆகிற பழம், குடிக்க அரை நிமிஷம்.

வைட்டமின் சி பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆப்பிளுக்கு இல்லாத பெருமை அது. 100 கிராமில் 4.6 மில்லிகிராம். ஆணுக்கு நாளைக்கு 80, பெண்ணுக்கு 65 மில்லிகிராம் தேவை என்பது ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்கு. கொய்யாவில் 100 கிராமுக்கு 200க்கு மேல். தட்டில் நாலு துண்டு கொய்யா வைத்தால் அந்தப் பேச்சு முடிந்தது. பேரிக்காயும் ஆப்பிள் மாதிரிதான்: சர்க்கரை 9.8, நார்ச்சத்து 3.1, வைட்டமின் சி 4.3. நாருக்கு ஆப்பிளைவிட ஒரு படி மேல். ஆனால் சார்பிட்டால் என்கிற சர்க்கரை ஆல்கஹால் கூடுதல், வயிறு உப்புசம் உள்ளவர்களுக்கு ஒத்துக்காது.

குன்னூர்ப் பழமரம்:

எண்ணெல்லாம் சரி மேடம். மலைப் பழத்துக்கு வரும்போது இன்னும் கொஞ்சம் பிரிச்சுப் பாக்கணும்.

முதல்ல ரகம். ரெட் டெலிஷஸ் மாதிரி ரகத்துக்கு 7 டிகிரிக்குக் கீழே சுமார் ஆயிரம் மணி நேரம் குளிர் வேணும். அது கொடைக்கானல்லயும் கிடைக்காது, ஊட்டியிலயும் கிடைக்காது. குளிர் பத்தலைன்னா மொட்டு ஒழுங்கா விரியாது, பூ ஒண்ணொண்ணா இழுத்துக்கிட்டே வரும், காய் பிடிப்பு குறையும். அதனாலதான் நம்ம மலைக்குக் குறைஞ்ச குளிர் போதும்ங்கற ரகங்களைப் பார்த்து வச்சாங்க. பார்லின்ஸ் பியூட்டி அதுல முக்கியமானது, கொடைக்கானல் 1ன்னு பட்டியல்ல வர்றதும் அதுதான். அதனால யாராவது "கொடைக்கானல் ரெட் டெலிஷஸ்"னு கூவி வித்தா சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க.

அடுத்தது நிறம். சிவப்புக்கு ஆந்தோசயனின்னு பேரு. அது தோல்ல மட்டும்தான் இருக்கு. உருவாக வெயிலும் வேணும், ராத்திரிக் குளிரும் வேணும். நம்ம ஊர்ல காய் பழுக்கிற நேரம் பாத்து மஞ்சு இறங்கிடும். இலை மறைவுல இருக்கிற காய் வெளுத்தே நிக்கும், வெயில் பட்ட கன்னம் மட்டும் சிவக்கும். ஒரே பழத்துல இந்தப் பக்கம் சிவப்பு, அந்தப் பக்கம் பச்சை. அதை வச்சுப் பழம் பழுக்கலைன்னு முடிவு பண்ணாதீங்க. நிறம் வேற, இனிப்பு வேற.

மூணாவதுதான் நம்ம சின்னப் பழத்துக்கு அனுகூலமான விஷயம். குவெர்செட்டின்ங்கற பாலிஃபீனால் (செடிகொடியில இயல்பா இருக்கிற ஒரு வகைச் சேர்மம்) பெரும்பாலும் தோல்லயே இருக்கு, சதையில கொஞ்சமும் தேறாது. பச்சைத் தோல்லயும் இருக்கு, சிவப்புத் தோல்லயும் இருக்கு. அப்போ எந்தப் பழத்துல எடைக்கு எடை தோல் ஜாஸ்தி? சின்னப் பழத்துல. 250 கிராம் பழம் ஒண்ணு எடுங்க, 100 கிராம் பழம் ரெண்டரை எடுங்க. எடை ஒண்ணுதான். ஆனா சின்னதுல தோல் பரப்பு மூணுல ஒரு பங்குக்கு மேல கூடுதல். பெரிய பழத்தைச் சீவித் தின்னுட்டு "சத்தான ரகம்"னு பேசறது வீண்.

வில்பட்டிக்காரன்:

மேலே அண்ணே சொன்னதில் ஒரு திருத்தம். சிவப்புத் தோலில் குவெர்செட்டினோடு ஆந்தோசயனினும் சேர்கிறது. ஆகையால் நிறம் ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. ரெட் டெலிஷஸ் இனிப்பைத் தவிர வேறு ருசி இல்லாத பழம் என்று நான் சொல்வேன், ஆனால் பாலிஃபீனால் அளவில் அது கோல்டன் டெலிஷஸைவிடப் பெரும்பாலும் முன்னால்தான் நிற்கிறது. அதேசமயம் சதையில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் என்கிற இன்னொரு பாலிஃபீனாலுக்கும் தோல் நிறத்துக்கும் சம்பந்தமில்லை.

இன்னொரு விஷயம், யாரும் தொடவில்லை. ஆப்பிளின் சர்க்கரை, பறித்த நாளைப் பொறுத்து மாறும். முற்றாத காயில் ஸ்டார்ச் (மாவுச்சத்து) இருக்கும். மரத்திலோ அறையிலோ பழுக்கப் பழுக்க அது சர்க்கரையாகும். சீசன் தொடக்க விலைக்கு ஆசைப்பட்டுச் சீக்கிரம் பறித்த பழம் சப்பென்று இருப்பதற்கு இதுதான் காரணம்.

வீட்டிலேயே பார்க்கலாம். மருந்துக்கடையில் புண்ணுக்குப் போடுகிற போவிடோன் அயோடின் 5 சதவீதத் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு. பழத்தைக் காம்பிலிருந்து கீழாக வெட்டக் கூடாது. வயிற்றுப்பக்கம் குறுக்கே வெட்டுங்கள், நடுவில் விதையறை ஐந்து இதழ் பூவாகத் தெரிய வேண்டும். வெட்டிய முகத்தை ஒரு தட்டில் ஊற்றிய திரவத்தில் ஒரு நிமிஷம் கவிழ்த்து வைத்து எடுத்து, இன்னும் இரண்டு நிமிஷம் பொறுத்துப் பாருங்கள். ஸ்டார்ச் உள்ள இடம் கருநீலமாகும். முகம் முழுக்க மை கொட்டினாற்போல் கறுத்தால் காய். விதையறையைச் சுற்றி வெளுத்து, வெளியோரத்தில் மட்டும் நீல வளையம் நின்றால் பறிக்கிற பக்குவம், சில நாள் வைக்கலாம். நீலமே ஏறாவிட்டால் ஸ்டார்ச் தீர்ந்துவிட்டது, இன்றைக்கே தட்டுக்குப் போகலாம். சோதித்த துண்டைக் குப்பையில் போடுங்கள், தின்னக் கூடாது.

ஒரே மரத்துப் பழமும் ஒன்றுபோல் இருக்காது. உச்சிக்கிளை முந்தும், உள்கிளை பிந்தும். ஒரு கூடைக்கு ஐந்து பழமாவது வெட்டிப் பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள்.

ஏரிச்சாலைச் சமையல்:

மிக்க நன்றி. தராசு இருக்கிறது. ரிஃப்ராக்டோமீட்டர் (சாற்றில் கரைந்திருப்பதைப் பிரிக்ஸ் என்ற அளவில் காட்டும் கருவி) ஒன்றும் கைவசம் இருக்கிறது, ஜாமுக்கு வாங்கியது. அதில் பார்லின்ஸ் பியூட்டியின் சர்க்கரையை நாமே அளக்க முடியுமா? ஒரே பழத்தில் ஒருமுறை 10, மறுமுறை 13 காட்டுகிறது. கருவி கெட்டுவிட்டதா? கறுப்பது, தோல் மெழுகு இரண்டும் பாக்கி நிற்கிறது.

ஜாம் அடுப்பு:

கருவி கெடவில்லை, நீங்கள் துண்டு எடுத்த இடம் மாறியிருக்கும். வெயில் பக்கம் ஒரு அளவு, நிழல் பக்கம் ஒரு அளவு, தோலருகே ஒன்று, விதையறையருகே வேறொன்று. செய்முறையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி முகத்தை ஈரத்துணியால் துடைத்து, காய்ச்சி வடித்த நீர் இரண்டு சொட்டு விட்டுப் பூஜ்ஜியத்துக்குத் திருகுங்கள். இங்கேதான் மலையில் ஒரு சிக்கல். பெரும்பாலான கருவிகள் 20 டிகிரிக்கு அளவு வைத்தவை. காலையில் சமையலறை 10, 12 டிகிரியில் கிடக்கும், அப்போது அளவு அரை பிரிக்ஸ் வரை கூட்டிக் காட்டும். அதே அறையில் ராத்திரி முழுக்க இருந்த நீரால் பூஜ்ஜியம் வைத்தால் இந்தப் பிழை பெரும்பாலும் கழிந்துவிடும். பழமும் அதே அறையில் இருந்திருக்க வேண்டும், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு அளக்கக் கூடாது.

பிறகு சிவந்த பக்கம் ஒரு கீற்று, எதிர்ப்பக்கம் ஒரு கீற்று வெட்டுங்கள். தோலும் விதையறையும் வேண்டாம், நடுச்சதை மட்டும். இரண்டையும் சேர்த்துப் பூண்டு நசுக்கியில் பிழிந்து, மெல்லிய துணியில் வடித்து, சாற்றைக் கலக்கிவிட்டு மூன்று சொட்டு. மூடியைச் சாய்வாக இறக்கினால் காற்றுக்குமிழ் மாட்டாது. குமிழ் மாட்டினால் நீலக்கோடு மங்கிவிடும், அந்த அளவைக் குறிக்காதீர்கள்.

12 பிரிக்ஸ் வந்தால் 12 கிராம் சர்க்கரை என்று அர்த்தமில்லை. அது கரைந்த பொருள் அத்தனையின் கூட்டு. பெரும்பகுதி சர்க்கரை, மீதி அமிலம், சார்பிட்டால், பெக்டின் என்கிற கரைந்த நார். ஸ்டார்ச் இதில் தெரியவே தெரியாது. ஆகவே காயான பழம் 10 காட்டினால் "சர்க்கரை குறைந்த ரகம்" என்று தட்டில் வைத்துவிடாதீர்கள், அந்த ஸ்டார்ச்சும் கார்போஹைட்ரேட்தான். அயோடின் பார்த்து வெளுத்த பழத்தில்தான் பிரிக்ஸ் கணக்குக்கு மதிப்பு. வணிக ரகங்களில் 11 முதல் 14 வரை சகஜம். பார்லின்ஸ் பியூட்டி ஐந்து பழம் அளந்து சராசரி எடுங்கள், உங்கள் பழத்தட்டுக்கு அதைவிட நல்ல எண் எந்தப் பட்டியலிலும் வராது.

கறுப்பதற்கும் இரும்புக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆப்பிளில் இரும்பு 100 கிராமுக்கு 0.12 மில்லிகிராம், இருக்கிறது என்று சொல்வதே மிகை. வெட்டும்போது செல் உடைகிறது, பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்கிற நொதி காற்றோடு சேர்ந்து குளோரோஜெனிக் அமிலத்தைப் பழுப்பாக்குகிறது. அந்த நொதியும் பாலிஃபீனாலும் எந்த ரகத்தில் எவ்வளவு என்பதைப் பொறுத்து வேகம் மாறும். எனவே கறுக்கிற பழம் கெட்டதல்ல, கறுக்காத பழம் மட்டமும் அல்ல. தட்டுக்கு அழகு வேண்டுமானால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஐந்து நிமிஷம் முக்கி எடுத்து ஒருமுறை அலசுங்கள். எலுமிச்சையும் வேலை செய்யும், ஆனால் எலுமிச்சைத் தண்ணீரில் சர்க்கரை கலக்கிற பழக்கம் சில சமையலறைகளில் இருக்கிறது, சுகர்காரர் தட்டுக்கு அது ஆகாது.

வெந்த ஆப்பிள் வைப்பதாக இருந்தால் ரோம் பியூட்டி எடுங்கள், வெந்தாலும் வடிவம் குலையாது. புளிப்பு மிகுந்த சில ரகங்கள் கூழாகிவிடும். பட்டை ஒரு துண்டு போதும். வேகும்போது வைட்டமின் சி போகும், அது முதலிலேயே சொற்பம். பெக்டின் அப்படியே நிற்கும். இதில் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை தூவினால் 12 கிராம் ஏறிவிடும். இவ்வளவு நேரம் 3 கிராமுக்காகப் பேசிக்கொண்டிருந்தோம் என்பதை மறக்க வேண்டாம்.

தட்டும் தராசும்:

தோல் பற்றி நான் சேர்த்துக்கொள்கிறேன். தோலோடு 100 கிராமுக்கு நார்ச்சத்து 2.4 கிராம், சீவினால் 1.3. ரகம் மாற்றி எவ்வளவு தேடினாலும் இந்த அளவு வித்தியாசம் கிடைக்காது. சீவுகிற கத்திதான் ரகத்தைவிடப் பெரிய சமாசாரம்.

மெழுகைப் பொறுத்தவரை, ஆப்பிளுக்குத் தானாகவே ஒரு மெழுகுப் பூச்சு உண்டு. மலைப் பழத்தைத் துணியால் தேய்த்தால் பளபளப்பது அதனால்தான். தொலைதூரம் வருகிற பழத்தைக் கழுவும்போது அது போய்விடுவதால் கார்னாபா, அரக்கு, தேன்மெழுகு மாதிரி தின்னத்தகுந்த மெழுகை மேலே பூசுகிறார்கள். சட்டம் அனுமதிக்கிறது. ஜீரணமாகாமல் வெளியேறிவிடும். கவலைப்பட வேண்டியது பூச்சிமருந்து எச்சம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் சமையல் சோடா, 12 முதல் 15 நிமிஷம் ஊறவைத்து, கையால் தேய்த்து, ஓடும் தண்ணீரில் அலசுங்கள். தோலின் மேலே இருப்பது போகும். தோலுக்குள் இறங்கியது போகாது. யாராவது வற்புறுத்திக் கேட்டால் சீவிக் கொடுங்கள், ஆனால் எல்லாருக்கும் சீவ வேண்டாம்.

மஞ்சில் விளைந்த பழத்தில் கரும்புள்ளி, புகை படிந்தாற்போல் திட்டு இருக்கும். மேலோட்டமான புகைத்திட்டு தேய்த்தால் போகும். சொறி மாதிரி தடித்த ஸ்காப் புள்ளி போகாது, அதனால் உடம்புக்குக் கெடுதல் இல்லை, அந்த இடத்தை மட்டும் சீவினால் போதும். வெடித்து உள்ளே அழுகல் இறங்கியிருந்தால் முழுப் பழத்தையும் ஒதுக்குங்கள்.

ஏரிச்சாலைச் சமையல்:

தெளிவாகிவிட்டது. கடைசியாக ஒன்று. சந்தையில் மொத்தமாக வாங்கினால் எத்தனை நாள் வைக்கலாம்? வைக்க வைக்கச் சத்து போய்விடுமா?

குன்னூர்ப் பழமரம்:

ஐரிஷ் பீச்சை வைக்கவே வைக்காதீங்க. ஒரு வாரம் தாண்டினா மாவு மாதிரி ஆயிடும், வாங்கின ரெண்டு மூணு நாள்ல காலி பண்ணிடணும். பார்லின்ஸ் பியூட்டி கொஞ்சம் தாங்கும். ரோம் பியூட்டி பின்சீசன் பழம், அடியில அடிபடாம இருந்தா குளிர்ச்சியான இடத்துல அதுக்கும் மேல நிக்கும். வச்சா முதல்ல குறையறது வைட்டமின் சி. பாலிஃபீனால் குளிர்ல பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதனால குளிர்பதனக் கிடங்குல மாசக்கணக்கா இருந்து வர்ற காஷ்மீர்ப் பழத்தைச் "சத்துப் போன பழம்"னு ஒதுக்க வேண்டியதில்லை.

எங்க வைக்கிறீங்கங்கறதப் பாருங்க. ஆப்பிள் எத்திலீன்ங்கற, பழுக்கவைக்கிற வாயுவை விட்டுக்கிட்டே இருக்கும். மலையில சமையல் ஸ்டோர்ல கேரட் மூட்டை கட்டாயம் இருக்கும். ரெண்டையும் ஒரே மூடின அறையில போட்டா கேரட் கசக்க ஆரம்பிக்கும், கழுவினாலும் வேகவச்சாலும் அந்தக் கசப்பு போகாது. அப்புறம் கேரட் வித்தவரோட சண்டைக்குப் போகாதீங்க. ஆப்பிள் கூடையை ஜன்னல் பக்கம் தனியா வைங்க, அழுகினது ஒண்ணு இருந்தாலும் அன்னன்னைக்கே பொறுக்கிடுங்க.